தாய் எலிக்குப் போட்ட கோடுகள்

— இன்னிக்கு அந்தக் கரன்ட்டுத் திருகை ஏத்தாதீங்க டாக்டரம்மா. உங்க கால்ல வேணா விழறேன்.

— கூண்டு கழுவறவரு கரன்ட்டைப் பத்திப் பேசாதீங்க பெரியவரே. கையைக் கழுவிட்டு நோட்டை எடுங்க.

— மூணு வாட்டி கழுவிட்டேன். மயிர் கருகின நாத்தம் போகமாட்டேங்குது. நேத்து சோத்துல கை வெச்சதும் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். எந்தச் சாக்கடையில புரண்டுட்டு வர்றேன்னு கேக்குறா எம் பொண்டாட்டி.

— எலி நாத்தம்தான். போகப் போகப் பழகிடும்.

— எலி நாத்தம் எனக்குப் புதுசா? பதினஞ்சு வருசமா இதுங்க பீயைத்தான் அள்ளுறேன். இது வேற. இந்தத் தாய் எலி இருக்காளே, அவ மண்டையில ஒயர் சொருகின இடத்துல சீழ் கட்டியிருக்கு. வாயில நுரை. அப்படியும் அந்தப் பெடலை விடாம அழுத்துறா. அப்படி என்னதாம்மா கிடைக்குது அவளுக்கு?

— சுகம். ஒரு அழுத்துக்கு மூளைக்குள்ள ஒரு சொட்டு கரன்ட். பசி, தூக்கம் எல்லாம் மறந்துபோற சுகம். ஒரே நாள்ல கத்துக்கிச்சு, பாத்தீங்கல்ல?

— சீ! இதுக்குப் பேரு சுகமா? பெடலுக்கு ஓடுற அவசரத்துல நேத்து ஒரு குட்டியை மிதிச்சே கொன்னுட்டா. நான்தான் அள்ளிப் போட்டேன். என் கட்டை விரல் அளவுகூட இல்ல. மிச்சம் அஞ்சு கிடக்கு. நீங்க என்னடான்னா பக்கத்துல நின்னுக்கிட்டு ரொட்டி திங்கிறீங்க.

— எனக்கும் பசிக்கும்ல?

— எப்படித்தான் இறங்குதோ! இதையெல்லாம் பண்ணி என்னம்மா தெரிஞ்சுக்கப் போறீங்க?

— எவ்வளவு கரன்ட் குடுத்தா ஒரு தாய் பிள்ளையை மறக்கும்? அவ்வளவுதான். கேமரா கெட்டுப்போச்சு, எனக்கு வகுப்பு இருக்கு, அதான் உங்களை உக்கார வெச்சேன். பெடலை அழுத்தினா இந்தப் பக்கம் ஒரு கோடு, குட்டிகிட்டப் போனா அந்தப் பக்கம் ஒரு கோடு. முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு நீங்கதானே பெருமையா சொன்னீங்க?

— சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— நோட்டைக் குடுங்க. முந்தாநாள் குட்டிகிட்டப் போனது பதினேழு தடவை, நேத்து பதினாலு. எட்டுக்கு ஏத்தியும் அசரல. பயங்கரமான தாயா இருக்கே!

— ம்... பெத்தவளாச்சே.

— நானும் முதல்ல நம்பல. ஆனா எடை போட்டுப் பாத்தா குட்டிங்க தினம் கூடுது. தாய் பால் குடுக்காம கூடுமா? அதனால இன்னிக்கு ஒன்பது.

— ஒன்பதா! நேத்து எட்டுக்கே வலிப்பு வந்து காலை இழுத்துக்கிட்டுக் கிடந்தா. செத்துடுவாம்மா. ஏன் தினம் தினம் ஏத்துறீங்க? முதல் நாள் ஒண்ணுல வெச்சீங்களே, அதோட நிறுத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

— எனக்கு மட்டும் ஆசையா? குட்டி பக்கம் ஒரு கோடுகூட இல்லாத நாள் வரணும். வந்தா அன்னிக்கே ஒயரைக் கழட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு விட்டுடுவேன். குட்டிங்களைப் பால் குடுக்கிற வேற எலிகிட்டச் சேத்துடலாம். ஒண்ணுலயே இது குட்டியை மறந்திருந்தா முதல் நாளே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

— என்ன சொன்னீங்க?

— நோட்டுல கோடு இருக்கிற வரைக்கும் ஏத்தித்தான் ஆகணும்னேன். என்ன பெரியவரே, இப்படி வேர்க்குது? உக்காருங்க.

— திருகுல இருந்து கையை எடுங்கம்மா.

— காரணத்தைச் சொல்லுங்க, எடுக்கறேன்.

— நூலைப் பால்ல நனைச்சுக் குட்டிங்க வாயில வெச்சதும் நான்தான், குட்டி பக்கம் கோடு போட்டதும் நான்தான். பெத்தவளைப் பத்தி அப்படி எழுத எனக்குக் கை வரல. முதல் நாள்ல இருந்தே அவ ஒரு தடவைகூடக் குட்டிங்ககிட்டப் போகலம்மா.