பச்சைக் கோடு போட்ட மேகசின்கள்

டக். டக். அப்புறம் சத்தமில்லை. முருகேசனின் துப்பாக்கி நின்றுவிட்டது.

வலப்புறம் மண்மேடு. அங்கிருந்து சுடுகிறார்கள். முன்னால் போன லாரி எரிகிறது. எங்கள் பிக்கப்பின் கண்ணாடி பொலபொலவென உதிர்கிறது.

"குனிங்க! தலையக் குனிங்க!" டிரைவர் காதர் கத்துகிறார். கீழக்கரைக்காரர்.

முருகேசன் குண்டு அடைத்த மேகசினைக் கழற்றி வெளியே எறிகிறான். அடுத்ததை மாட்டுகிறான். சரியாக உட்காரவில்லை. ஆடுகிறது. உள்ளங்கையால் அடிக்கிறான். இரண்டு குண்டு போகிறது. மூன்றாவது குறுக்கே சிக்குகிறது.

"அண்ணே, இதுவும் நின்னுட்டு!"

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

நானும் முருகேசனும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஈராக்கில் சண்டை நடந்த காலம். துபாய் கராமாவில் அறை எடுத்து வேலை தேடியபோது இது கிடைத்தது. குவைத்திலிருந்து எல்லை தாண்டும் சாமான் லாரிகளுக்குக் காவல்.

கேம்ப்பில் தந்த துப்பாக்கிகள் ஒரே நாட்டுச் சரக்கு. மேகசின்கள் நாலைந்து நாட்டுக் கழிசடை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். ஆடுகிறதா. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா. குண்டைப் பிடிக்கும் விளிம்பு நெளிந்திருக்கிறதா. எங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தி, நம்பிச் சுடக்கூடியவை கொஞ்சம்தான் தேறின. அவற்றுக்குப் பச்சைப் பெயிண்டில் கோடு போட்டோம். எல்லை தாண்டும் ஆட்களுக்கென்று ஒதுக்கினோம்.

கேம்ப் மேனேஜர் வந்தார். தமிழர்தான். அதற்கு முன் ஏசி மெஷின் விற்றவர். துப்பாக்கியைத் தொட்டால் கையைத் துடைத்துக்கொள்வார். எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவரும் அவரே.

"என்ன மிஸ்டர், கம்பெனி சாமான்ல பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"சார், இதத்தான் நம்பலாம். மத்ததெல்லாம் சிக்குது."

"எல்லாம் ஏகே-47 தானே? ஆளுக்குச் சமமா பிரிச்சா போதும். கலாஸ், முடிஞ்சுது."

கோடுகளைத் துடைக்க வைத்தார். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்ட வைத்தார். கிளம்பும் காலையில், பந்தியில் வடை வைப்பதுபோல, கையில் வந்ததை ஆளுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டே போனார். மாட்டிப் பார்க்க நேரம் கேட்டேன். "யல்லா, யல்லா" என்று வண்டியைத் தட்டினார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த போர்.

முருகேசனுக்குக் கழுத்தில் பட்டது. என்னிடமிருந்த நான்கில் ஒன்று ஒழுங்காகச் சுட்டது. அதை வைத்து மேட்டில் இருந்தவர்களைத் தலை தூக்கவிடாமல் செய்தேன். காதருக்கு வலது தோளில் குண்டு. இடது கையாலேயே வண்டியைத் திருப்பினார். எரியும் லாரியைச் சுற்றிக்கொண்டு வெளியேறினோம். முருகேசன் என் மடியில் கிடந்தான். கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தேன். சோதனைச் சாவடி வருவதற்குள் போய்விட்டான்.

கேம்ப்பில் மேனேஜர் காத்திருந்தார். சட்டையில் மடிப்பு கலையவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேகசின் ஒண்ணு குறையுதே," என்றார்.

குறைந்ததை நான் சொல்கிறேன். வள்ளியூர் முருகேசன், இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பா. முன் லாரியை ஓட்டிய பெஷாவர்க்காரர். பாய் என்றே கூப்பிட்டதால் அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவருடைய லாரி. காதரின் வலது கை. இன்றும் அது தோளுக்கு மேல் எழாது. அன்றிலிருந்து கேட்காத என் இடது காது.

மேனேஜர் எதையும் இழக்கவில்லை. துபாய் ஆபீஸில் பெரிய நாற்காலி கொடுத்தார்கள்.