மிர்பூர் முச்சந்தி

இல்லம்மா, நான் நர்சு இல்ல. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவளும் இல்ல. வாயத் தொற லுபனா, இலிஷ் மீனுதான், முள்ளெல்லாம் பொறுக்கிட்டேன். உங்கம்மா மருந்து வாங்கத்தான் கீழ போயிருக்காங்க, வந்துருவாங்க.

கட்டு எப்பப் பிரிப்பாங்களாம்? ...இடது கண்ணு மட்டுந்தான் தெரியுமாமா? அப்ப வலது... அவ்ளோதானா?

அழாத தாயி, கட்டு நனைஞ்சிரும்.

பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியும் உனக்கு வேலை கெடைக்கலன்னு உங்கம்மா சொன்னாங்க. விடுதலைச் சண்டைக்குப் போனவங்க பேரப்புள்ளைங்களுக்குன்னு அரசாங்க வேலையில நூத்துக்கு முப்பது ஒதுக்கிட்டா மத்த புள்ளைங்க எங்க போகும்? நீங்க தெருவுக்கு வந்தது நியாயந்தான். ஏன் சிரிக்கிற? நெசமாத்தான் சொல்றேன். எங்க வீட்டுக்கே அதுல ஒரு வேலை வந்துச்சு.

எம் மாமனாரு எழுபத்தொண்ணு விடுதலைச் சண்டையில ஒரு காலக் குடுத்தவரு. எம்மவனுக்கு மார்க்கு கம்மி. தாத்தா பேரச் சொல்லித்தான் போலீசுல சேந்தான். கெழவரு அன்னிக்கிச் சோறு திங்கல. என் காலுக்கு இவன் எதுக்குடி கூலி வாங்குறான்னாரு. பேசாம இருங்கன்னுட்டு நான் தெரு பூரா ரசகுல்லா குடுத்தேன். இப்ப நெனச்சா உடம்பு கூசுது.

ஆட்சி மாறுனதுலேர்ந்து அவன் எங்கண்ணன் வீட்ல ஒளிஞ்சு கெடக்கான். சோத்தப் போட்டா தட்டையே பாத்துக்கிட்டு இருக்கான். சொன்னதையே சொல்றான். மிர்பூர் முச்சந்தியில ஒரு பொண்ணும்மா, மஞ்சத் துப்பட்டா, எல்லாருக்கும் தண்ணி பாட்டில் குடுத்துக்கிட்டிருந்துச்சு, எங்கிட்ட வந்து உங்களுக்கும் வேணுமா அண்ணேன்னு கேட்டுச்சும்மாங்கிறான். அதுக்கப்புறந்தான் சுடச் சொல்லி உத்தரவு வந்துச்சாம்.

...ஆமா. நீதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா மஞ்சத் துப்பட்டாப் பொண்ணக் கேட்டுத்தான் வந்தேன்.

அத்தன பேரு சுட்டீங்களே, யாரு குண்டுன்னு உனக்கு எப்படிடா தெரியும்னு நானும் கேட்டேன். எனக்குத் தெரியும்மாங்கிறான்.

பரவால்ல, தட்டிவிடு. தரைய நான் தொடச்சுக்கறேன். நீ அசையாத, கண்ணுக்கு ஆகாது. இந்தா, கைய மட்டும் தொடச்சு விட்டுர்றேன். சரி சரி, தொடல.

உங்கப்பா கேசு குடுக்கப் போறாராமே. சுட்டது பேரு தெரியாத போலீசுக்காரங்கன்னு எழுதப் போறாராம். அப்படி எழுத வேணாம்னு சொல்லு. இம்தாதுல் ஹக். அப்பா பேரு அஷ்ரஃபுல் ஹக். இப்ப சவார்ல எங்கண்ணன் வீட்ல இருக்கான், பெரிய மசூதிக்குப் பின்னால பச்ச கேட்டு போட்ட வீடு.

அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சட்டைய மாத்திக்கிட்டு, கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு உக்காந்திருக்கான்.