பொறுப்பாளர் கட்டத்தில் இருந்த பெயர்

மேஸ்திரி: நாப்பத்தேழாயிரத்து முன்னூத்தி அறுபது, சார். எட்டுப் பேரு மூட்டை தூக்கின கூலி. மூணு மாசமாச்சு.

கணக்கர்: உக்காரு மேஸ்திரி. நின்னா பணம் சீக்கிரம் வந்துடுமா?

மேஸ்திரி: உக்காந்தும் பாத்துட்டேன், சார்.

கணக்கர்: நான் என்ன பண்றது... கையில எண்ணிக் குடுக்கற காலமா இது? உங்க சுமைக்குழுவோட டிஜிட்டல் அடையாளம் சரியா இருந்தாத்தான் கம்பெனிப் பணம் நகரும்.

மேஸ்திரி: அதான் நீங்களே பதிஞ்சு குடுத்தீங்களே.

கணக்கர்: எழுதப் படிக்கத் தெரியாத ஆளுங்களாச்சேன்னு பாவம் பாத்து...

மேஸ்திரி: பெரிய மனசு உங்களுக்கு. காட்டுன எடத்துல எல்லாம் ரேகை வெச்சோம். இப்ப என்ன கோளாறு?

கணக்கர்: உங்க குழு யாருன்னே சர்வருக்குத் தெரியலையாம்.

மேஸ்திரி: பதினோரு வருஷமா இந்தக் குடோன்ல முதுகு தேயறோம். இங்க இருக்கற பூனைக்குக்கூட எங்களைத் தெரியும்.

கணக்கர்: பூனையா பணம் போடுது?

மேஸ்திரி: போட்டிருந்தா எப்பவோ வந்திருக்கும்.

கணக்கர்: நக்கலா? சொன்னாலும் உனக்குப் புரியாது. இது படிச்சவங்க சமாசாரம்.

மேஸ்திரி: அதான் படிச்சேன்.

கணக்கர்: என்னத்த?

மேஸ்திரி: எழுத்து. எம் பொண்டாட்டிதான் கத்துக் குடுத்தா. இந்த வயசுல அடி வாங்காத குறை.

கணக்கர்: ...நல்லது. அதுக்கும் இதுக்கும் என்ன?

மேஸ்திரி: எங்க குழு நம்பரைப் போன்ல போட்டேன். யாரு வேணாப் பாக்கலாமாமே. குழு பேரு பச்சையா, சரியா வருது. கீழ 'பொறுப்பாளர்'னு ஒரு கட்டம். அதுல உங்க மச்சான் பேரு.

கணக்கர்: அது... தற்காலிகமா ஒரு பேரு வேணும்னு...

மேஸ்திரி: எங்க எட்டுப் பேருல ஒண்ணுகூடவா அகப்படல? உங்க மச்சான் மூட்டை தூக்குவாரா? தின்ன தட்டையாவது தூக்குவாரா, சார்?

கணக்கர்: மெதுவாப் பேசு... பணம் அவன் கணக்குலதான் இருக்கு. பாதி நாளைக்குத் தர்றேன். மீதி அடுத்த மாசம்.

மேஸ்திரி: ஓ... சர்வருக்கு இப்ப எங்களை அடையாளம் தெரியுதா?

கணக்கர்: சரி, முழுசும். இன்னிக்கே. முதலாளிகிட்ட மட்டும் போயிடாத, மேஸ்திரி.

மேஸ்திரி: காலையிலயே போயிட்டேன், சார். மொத்தத்தையும் கையில எண்ணியே குடுத்துட்டாரு. உங்க சம்பளத்துல பிடிச்சுக்குவாராம். 'கணக்கர் என்ன கதை சொல்றாருன்னு கேட்டுட்டு வந்து சொல்லு'ன்னாரு... கேட்டாச்சு. வரட்டா?