மூன்று விரல் சோலோ

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. பூட்டிக் கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே போகிற சாலை. ஒரு விளக்கு எரிந்தால் அடுத்த மூன்று எரியாது... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் பல் டாக்டருடைய சகலைக்கு நடந்தது இது.

சகலை டைல்ஸ் கடை மேனேஜர். ஆனால் எந்த கிட்டார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, உசத்தி, எது குப்பை என்று தீர்ப்புச் சொல்லவே பிறந்ததாக அவருக்கு நினைப்பு. கூட்டாளிகள் கிண்டலாக 'நீதிபதி' என்றார்கள். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆடிப் பார்த்தாள்.

அன்று கிட்டார் ரிப்பேர்க் கடையில் விவாதம். தலைசிறந்த பத்து சோலோக்கள் எவை? ஒன்பது முடிந்திருந்தது, ஒன்பதும் இவர் சொன்னவைதான். பத்தாவதுக்கு ரிப்பேர்க்காரர் தயங்கித் தயங்கி ஒரு கேசட்டைப் போட்டார். போன வருடம் செத்துப்போன அவருடைய அண்ணன் வாசித்தது. மரம் இழைக்கிற மெஷினில் இடது கைச் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவர். கம்பியை அழுத்த மிச்சமிருந்த மூன்று விரல்களை வைத்து நாற்பது விநாடி வாசித்திருந்தார். அவர் வாசித்ததில் மிச்சம் அது ஒன்றுதான்.

"பத்தாவதா இருந்தாப் போதும் சார்," என்றார் தம்பி.

நீதிபதி பாதியிலேயே நிறுத்தினார். "மூணு விரலுக்கு மூணாந்தர வாசிப்பு. மேல ஏறுற எடத்துல சுருதியே சேரல. செத்துட்டா மட்டும் சோலோ நல்லாயிடுமா?"

"நீங்க வாசிச்சிருக்கீங்களா சார்?"

"உப்புக் கரிக்குதுன்னு சொல்லச் சமைக்கத் தெரியணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் கேசட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அங்கிருந்து கிளம்பித்தான் அந்தச் சாலை. காரில் தனியாக வருகிறார். ரேடியோ போடவில்லை. முதலில் வாசனை... கிட்டார் மரத்தில் தடவுகிற எலுமிச்சை எண்ணெய், பழைய மரம், துருப்பிடித்த இரும்பு. பிறகு பின்சீட்டில் கிறீச்... கம்பி மேல் விரல் வழுக்குகிற சத்தம். அப்புறம் அதே சோலோ, மெதுவாக.

வேறு ஆளாயிருந்தால் காரைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? மேலே ஏறுகிற இடம் வந்ததும், பழக்க தோஷம், "சுருதி சேரல" என்றார்.

சத்தம் நின்றது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதே இடம். வாய் சும்மா இருந்ததா? "இப்பவும் சேரல."

நின்றது... இந்தத் தடவை தொடங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து அவருடைய இடது கையை யாரோ மெல்ல எடுத்தார்கள்.

விடிகாலையில் கார் வீட்டு வாசலில் நின்றது, இன்ஜின் அணையாமல். எப்படி வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவிதான் கையைப் பார்த்தாள். மூன்று விரல் நுனிகள் இருபது வருடம் வாசித்தவன் விரல்போலக் காய்த்துக் கிடந்தன, குறுக்கே கம்பித் தடத்தோடு. சுண்டுவிரல் வெளுத்திருந்தது. பல் டாக்டர் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார். உணர்ச்சி இல்லை.

விஷயம் ரிப்பேர்க்காரருக்குப் போனது. அவர் ஆச்சரியமே படவில்லை. "அண்ணன் அப்பிடித்தான் சார். சரியா வர்ற வரைக்கும் விட மாட்டாரு," என்றாராம்.

நீதிபதி இப்போது யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. ராத்திரி தூக்கத்தில் அந்த மூன்று விரல்கள் மட்டும் படுக்கை விரிப்பின் மேல் ஓடும். மேலே ஏறுகிற இடத்தில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஓடும். வீட்டில் கிட்டார் கிடையாது. விரிப்பு வெறும் பருத்தித் துணிதான்.

ஆனாலும் பக்கத்தில் படுத்திருக்கிற மனைவிக்குக் கேட்கிறதாம்... கிறீச்...