பெட்டிக்குப் போட்ட நம்பர்

ஸஹீத்: ...கேளு தங்கச்சி, வயல்ல அஞ்சு அங்குலம் தண்ணி எண்டு போன் செல்லுது. வந்து பாத்தா நிலம் வெடிச்சிக் கிடக்கு!

ஹிமாயா: எத்தின நாளா காக்கா?

ஸஹீத்: எட்டு நாளா. நான் கல்முனைக் கடையில இருந்து போனப் பாத்துப் பாத்து அல்லாஹ்வுக்கு சுக்ர் செஞ்ச. பயிர் கதிர் தள்ளப்போற குடலையில நிக்கிது. இண்டைக்குத் தண்ணி கிடைக்காட்டி எல்லாம் பதர்தான். இந்தத் தண்ணி பாக்கிற பெட்டிய நீதானே பூட்டின?

ஹிமாயா: பூட்டினது நான். நம்பர் போட்டது நீங்க. ஆருக்கும் இல்லாத நம்பராப் போடுங்க எண்டு செல்லித்தானே தந்த?

ஸஹீத்: அப்பிடித்தான்... போட்ட.

ஹிமாயா: 786 தானே?

ஸஹீத்: இல்ல.

ஹிமாயா: சும்மா இரிங்க காக்கா. காலையிலருந்து இந்த வயல் கண்டத்தில ஏழு பேர்ர பெட்டி பாத்திட்டன். ஏழும் 786! ஒருத்தர்ர தண்ணி மத்தவர்ர போன்ல ஓடுது.

ஸஹீத்: வல்லாஹி, 786 இல்ல புள்ள.

ஹிமாயா: அப்ப என்ன நம்பர்?

ஸஹீத்: அது... மறந்திட்டு.

ஹிமாயா: ரெண்டு பெட்டி ஒரே நம்பர்ல கதைச்சா போனுக்கு ஆள் மாறிப்போகும். ஆர்ர வயல்ல அஞ்சு அங்குலம் நிக்கிதோ, அவர்ர நம்பரத்தான் நீங்களும்...

செல்லத்தம்பி: ஹிமாயாப் புள்ள! இஞ்சாலையும் வா மனே. தண்ணி இல்ல, தண்ணி இல்ல எண்டு என்ட போன் ஒரே அழுகை. ஆள அனுப்பி அனுப்பி வாய்க்கால் வக்கடையத் திறப்பிச்சன். இண்டைக்கு வந்து பாத்தா வயல் குளமாக் கிடக்கு!

ஹிமாயா: செல்லத்தம்பி அண்ணன், பக்கத்து வயல் ஒங்கடதா? என்ன நம்பர் போட்ட?

செல்லத்தம்பி: நூத்தியெட்டு. பிள்ளையார நினைச்சுப் போட்டது.

ஹிமாயா: ஸஹீத் காக்கா... ஏன் வரம்பப் பாக்கிறீங்க?

ஸஹீத்: நண்டுப் பொந்து ஒண்டு இரிக்கி...

ஹிமாயா: காக்கா!

ஸஹீத்: ஓம், ஓம்! நூத்தியெட்டுத்தான். போன போகம் அண்ணனுக்கு ஏக்கருக்கு நாப்பது மூட. எனக்கு இருவத்தஞ்சு. அவர் தொட்டதெல்லாம் துலங்குது, அவர்ர நம்பரே நமக்கும் எண்டு... எட்டிப் பாத்துப் போட்ட.

செல்லத்தம்பி: அட கள்ளா!

ஹிமாயா: மறுகா சிரிங்க. முதல்ல நடு வரம்ப வெட்டுங்க, மிஞ்சின தண்ணி இஞ்சால இறங்கட்டும். காக்கா, ஒங்களுக்கு இனி 341. மாத்திட்டன்.

ஸஹீத்: இறங்குது... இறங்குது புள்ள! அல்ஹம்துலில்லாஹ்! போன் என்ன செல்லுது?

ஹிமாயா: அரை அங்குலம். இப்பதான் உள்ளதச் செல்லுது.

ஸஹீத்: பயிர் தப்பிட்டு... அண்ணன், மனசில வெச்சிக்காதீங்க. ஒங்கட ராசியக் களவெடுக்கப் பாத்திட்டன்.

செல்லத்தம்பி: என்ட ராசியா? தம்பி... போன போகம் விதைக்கக்குள்ள, கை உளையுது, முதல் பிடிய நீ எறி எண்டு உன்னட்டத் தந்தனே...

ஸஹீத்: ஓம். பாவமெண்டு வீட்ட தைலமும் கொண்டு வந்து தந்தனே!

செல்லத்தம்பி: எனக்குக் கையும் உளையல்ல, காலும் உளையல்ல. உன்ட கைராசிக்குத்தான்டா எறிவிச்சன்.