இருபத்தாறு அளவுகள்

எழுபத்தொன்பது மணி நேரம் தேடினோம். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தொலைந்தது விரல் நீளக் கம்பித் துண்டு. நுனியில் கதிரியக்க இரிடியம். ஒரகடத்தில் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே போலப் படமெடுக்க எங்கள் கம்பெனி பயன்படுத்துவது. எடுத்து முடித்ததும் அது காப்புப் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று மீட்டரால் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

வியாழக்கிழமை அளக்கவில்லை. சூப்பர்வைசர் திருமலை, "இன்னாம்மா, வண்டி நின்னுகினு கீது. நேத்து போட்டதையே போட்டுக் குடு" என்றார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஆனால் அதே எண்ணை எழுதவில்லை. கதிர்வீச்சு இரண்டு நாள் ஒன்றுபோல வராது. சற்று மாற்றி எழுதிக் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை பெட்டி காலி. பதிவேடு சரியாக இருந்ததால் ஸ்டோரில் திருட்டு என்றார்கள்.

துண்டு கிடைத்தால், எடுத்தவர் வெல்டிங் செய்த குழாய்க்கு அடியில் கிடந்ததாகச் சொல்வார். நான் அளக்காமல் எழுதியது தெரிந்துவிடும். என் லைசென்ஸ் போகும். அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.

தேடுவது எளிது. வண்டி தெருத்தெருவாகப் போகும், கருவி நொடிக்கொரு அளவு தரும். மண்ணிலும் செங்கல்லிலும் இயற்கையாக இருப்பதைக் கழித்து, மீதி எங்கே குவிகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு என் பொறுப்பு. முதல் நாளே சேரப்பணஞ்சேரியில் இருபத்தாறு அளவுகள் உயர்ந்தன. கருங்கல் குவியலும் அளவைக் கூட்டும். அப்படிக் குறித்து நீக்கினேன். வரைபடத்தில் அடுத்து உயர்ந்த இடம் குன்றத்தூர். அங்கே போனோம்.

மறுநாள் செல்லக்கனி அக்கா போன் செய்தார். எங்கள் ஹெல்பர் இசக்கிபாண்டி அண்ணனின் மனைவி. ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

"ஏ புள்ள, அவுகளுக்குத் தொடை வெந்தாப்ல செவந்து கெடக்கு. தின்னதெல்லாம் வெளிய வருது. எனக்கும் கிறுகிறுங்கு."

"வெயில் சூடுக்கா. மோர் குடுங்க."

"படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாததா. அடுத்த ஞாயித்துக்கிழம வந்துரு, மீன் வாங்கி வைக்கேன்."

நான்காம் நாள் புண்ணைப் பார்த்த டாக்டர்தான் சந்தேகப்பட்டார். துண்டு அவர்கள் பீரோ சாவிக்கொத்தில் தொங்கியது. வேலையிடத்தில் கிடந்ததை அண்ணன் கால்சட்டைப் பையில் போட்டு வந்திருக்கிறார். அண்ணன் பதினாறாம் நாள் இறந்தார். அக்கா இன்னும் தனியறையில் இருக்கிறார்.

விசாரணையில் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். நீக்கிய அளவுகள் அவர்கள் வீட்டு வாசலில் எடுத்தவை. வண்டியைப் பார்த்து அக்கா வெளியே வந்து கையசைத்தார். நானும் அசைத்தேன். பிறகுதான் கருங்கல் என்று பதிந்தேன்.