வெறும் குளிர்தான்

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில், முன்சீட்டில் தலை ஈரம் காயாத புது மாப்பிள்ளையும் பெண்ணும். மடியில் ஒரு பை மங்குஸ்தான்.

"ஒன் ரத்தம் அந்த அருவி கணக்கா ஓடணும்ட்டி" என்றான் அவன். பின்சீட்டிலிருந்த நான் ஜன்னலை விட்டு அவர்கள் பேச்சில் காதை வைத்தேன்.

"சின்னப்புள்ளையிலேருந்து சர்க்கரைக்கு ஊசி போடுத. ரத்த ஓட்டத்துக்குப் பழம் நல்லதுன்னு டாக்டரே சொன்னாருல்லா."

"ஒண்ணு ரெண்டு தின்னச் சொன்னாரு அத்தான். இவ்வளவும் தின்னா அதுக்கு வேற தனியா ஊசி போடணும்."

அவள் கையையே பார்த்தான்.

"ஏட்டி, கை நடுங்குது. சர்க்கரை எறங்கிட்டா?"

அவசரமாக ஒரு பழத்தை உடைத்தான். அவள் தோளில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் வில்லையில் போனை வைத்துப் பார்த்தாள்.

"சர்க்கரை சரியாத்தான் இருக்கு."

"பொறவு ஏன் நடுங்குத?"

"குளிருது. தலை நனைஞ்சதுமே எங்கம்மா, சர்க்கரை எறங்கிரும்னு வெளிய இழுத்து வாயில மிட்டாயைப் போட்டுருவா. நடுங்குத அளவுக்கு இன்னைக்குத்தான் அருவியில நின்னிருக்கேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"ஒங்க கையும்லா நடுங்குது. குளிருதா?"

"இல்லட்டி, பயந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே, உடைத்த பழத்தை அவன் வாயில் போட்டாள்.